அரிக்காத வீக்கம்

நாற்று நட்ட மறுநாள் காலை கை வீங்கியிருக்கும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை உப்பி, வளையல் சதைக்குள் புதைந்து, விரலை மடக்க வராது. சிவப்பு இருக்காது. தொட்டால் சூடு இருக்காது. அரிப்பு அறவே இருக்காது. தோலை இழுத்துக் கட்டினாற்போல் விண்ணென்ற உணர்வு மட்டும். காவிரிப் படுகையில் இப்படி ஒரு கையைப் பார்த்தால் ஊரே பெயர் வைக்கும். பூரான் ஏறியிருக்கும் என்பார் ஒருவர். காணாக்கடி, மந்திரித்தால் இறங்கிவிடும் என்பார் இன்னொருவர். வீக்கம் காலில் வந்துவிட்டால், கும்பகோணம் வட்டாரத்தில் தலைமுறைகளாக ஊறிய பயம் எழும்பும்: யானைக்காலோ?

ஒருவர் ஒவ்வாமைக்கான ஏவில் ஊசி போட்டுக்கொள்வார், ஒருவர் வேப்பிலை அடித்துக்கொள்வார், ஒருவர் சுண்ணாம்பு தடவிக்கொள்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கை பழையபடி ஆகிவிடும். எது செய்தாலும் ஆகும், எதுவும் செய்யாவிட்டாலும் ஆகும். ஆனால் கடைசியாக என்ன செய்தோமோ அதுதான் குணப்படுத்தியது என்று மனதில் பதிந்துவிடும். அடுத்த முறையும் அதே ஊசி, அதே வேப்பிலை. பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்ற இந்த அரிய நோய் ஒரு குடும்பத்துக்குள் இருபது முப்பது ஆண்டுகள் பெயரில்லாமல் ஒளிந்திருப்பதற்கு, அது தானாக வடிவதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தானாக வடியாமல் போகும் நாளில் அது தொண்டையில் இருக்கும்.

சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய் இது. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்க்கே இவ்வகை வீக்கத்தை விவரித்தார். 1888இல் வில்லியம் ஆஸ்லர், ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இது வருவதை எழுதினார். காரணம் தெரிய 1963 ஆயிற்று. அந்த ஆண்டில்தான் டொனால்ட்சனும் எவான்ஸும், ரத்தத்தில் இருக்க வேண்டிய சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் இவர்களுக்குக் குறைவு என்று கண்டார்கள். அதற்குமுன் இதன் பெயரிலேயே நரம்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள். மனப் பதற்றத்தால் வரும் வீக்கம் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கவலையும் பதற்றமும் ஒரு தாக்குதலைத் தூண்டலாம் என்பது உண்மை. நோய் மனதில் இருக்கிறது என்பது பொய். 'எல்லாம் டென்ஷன்தாம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதை வாய்க்கால் பாசனம் தெரிந்தவருக்குச் சொல்வது எளிது. நம் ரத்தத்தில் காலிகிரீன் என்று ஒரு நொதி உண்டு. அது பெரிய புரதம் ஒன்றை நறுக்கி பிராடிகைனினை வெளியே விடும். பிராடிகைனின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்தும், நீர் சதைக்குள் கசியும். சி1 இன்ஹிபிட்டர் இந்த ஓட்டத்துக்கு மதகுப் பலகை மாதிரி. பலகை சரியாக இருந்தால் கொஞ்சம் திறந்து உடனே மூடிக்கொள்ளும். பலகை பாதிதான் இருக்கிறது என்றால், சின்னத் தூண்டலுக்கும் தண்ணீர் வரப்பை மீறிப் பாயும். பதினோராம் குரோமோசோமில் உள்ள செர்பிங்1 என்ற மரபணுவில் பிழை இருப்பதால் இந்தப் பலகை சரியாக உருவாவதில்லை. நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்குப் புரதத்தின் அளவே குறைவு. இது முதல் வகை. ஏறக்குறைய மீதிப் பேருக்கு அளவு சரியாக இருக்கும், வேலை செய்யாது. இது இரண்டாம் வகை. இரண்டும் சரியாக இருந்தும் வீக்கம் வருகிற மூன்றாவது கூட்டம் மிகச் சிறியது.

ஒவ்வாமை வீக்கத்தில் வேலை செய்வது ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருள். அதற்குத்தான் ஏவில், செட்டிரிசின், டெக்ஸா என்ற ஸ்டீராய்டு, அட்ரினலின் எல்லாம். பிராடிகைனின் வீக்கத்துக்கு இவை எதுவும் கேட்காது. இரண்டு ஊசிக்கும் அசையவில்லை என்று மூன்றாவது ஊசி போடுவதைவிட, 'ஏன் அசையவில்லை?' என்று ஒரு நிமிடம் யோசிப்பது அந்த மருத்துவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நோய் இன்னதென்று தெரியாத ஒருவர் முதல்முறையாக முகம் வீங்கி மூச்சுத் திணறி வந்தால் அட்ரினலின் போடத்தான் வேண்டும். அது கடும் ஒவ்வாமையாக இருந்தால் தாமதம் உயிரைக் குடிக்கும். ஏற்கெனவே பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்று உறுதியானவருக்கு அதையே நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யானைக்கால் வீக்கம் வருவதும் போவதும் வேறு மாதிரி. காய்ச்சல், நெறி கட்டுதல், வலிக்கும் சிவப்புக் கோடு என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். கடைசியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் எடுக்கும் ரத்தத்தில் புழு தெரியலாம். ஆஞ்சியோஎடிமா சுவடே இல்லாமல் வடியும், அடுத்த முறை இடம் மாறும்: இன்று கை, அடுத்த மாதம் உதடு, பிறகு பிறப்புறுப்பு. சிலருக்கு வீங்குவதற்கு முந்தின நாள் உடம்பில் வலைபோலச் செம்படர்வு தோன்றும். அதுவும் அரிக்காது. மாநிறத் தோலில் லேசாகத்தான் தெரியும், வெளிச்சத்தில் வைத்துத் தேட வேண்டும். பாம்புக்கடியா என்ற சந்தேகம் வயல்வேலைக்காரர்களுக்கு எப்போதும் இருக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் ஆஞ்சியோஎடிமாக்காரரும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிறிய மருத்துவமனையிலும் செய்யலாம். விஷ முறிவு மருந்தை வெறும் வீக்கத்தைப் பார்த்து மட்டும் ஏற்றிவிடாமல் இருக்க அது உதவும்.

வயிற்றுத் தாக்குதல் இன்னும் ஏமாற்றும். குடல் சுவர் வீங்கிப் பாதை அடைபடும். வயிறு முறுக்கி, வாந்தி நிற்காமல், ஆளைச் சுருட்டிப் போடும் வலி. வெளியில் எங்கும் வீக்கம் தெரியாது. குழந்தை என்றால் குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். பெரியவர் என்றால் செய்வினை வரைக்கும் பேச்சு போகும். மருத்துவமனையில் அப்பெண்டிக்ஸ் என்று கத்தி வைத்துவிடுவதும் உண்டு. திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாக இருக்கும், வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கும். ஸ்கேன் எடுப்பவருக்கு 'இந்த நோய் உண்டு, குடல் சுவர் தடித்திருக்கிறதா, நீர் இருக்கிறதா பாருங்கள்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பல வயிறுகள் தப்பிக்கும். ரத்தத்திலுள்ள நீர் நிறையக் கசிந்து இறங்குவதால் ரத்தம் கெட்டியாகி அழுத்தம் இறங்கலாம். சலைன் தாராளமாக ஏற்ற வேண்டும், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், வலிக்கு நல்ல வலிநிவாரணி. வெள்ளையணு எண்ணிக்கை இந்தத் தாக்குதலிலும் ஏறும், அதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது. அதேசமயம் இந்த நோய் உள்ளவருக்கும் நிஜமாகவே அப்பெண்டிக்ஸ் வரலாம். காய்ச்சல் இருந்தாலோ, ஒரே இடத்தில் வயிறு கல்லாகிப்போனாலோ, சரியான மருந்து கொடுத்தும் வலி இறங்காவிட்டாலோ அறுவை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கண்டுபிடிப்பதற்கு முதல் படி, ரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை. இந்த நோயில் அது பெரும்பாலும் வீக்கம் இல்லாத நாளிலும் குறைவாகவே இருக்கும், வீக்கத்தின்போது நிச்சயம் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அடுத்தது சி1 இன்ஹிபிட்டரின் அளவு, அதன் செயல்திறன் என்ற இரண்டு. அளவை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று விட்டால் இரண்டாம் வகைக்காரர் முழுவதுமாக நழுவிவிடுவார். செயல்திறன் இயல்பின் பாதிக்குக் கீழே இருந்தால் நோயின் அடையாளம். ஒரு தடவையோடு நிறுத்தாமல் ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடியும் எடுத்து உறுதி செய்வது முறை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த எண்களை நம்ப முடியாது, பிறகு திரும்ப எடுக்க வேண்டும்.

செயல்திறன் சோதனையில் சோதனைச்சாலையைவிட வழிதான் கெடுக்கும். திருத்துறைப்பூண்டியிலோ சீர்காழியிலோ எடுத்த ரத்தம் சென்னைக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் மேசைமேல் அரை நாள் கிடந்த குழாயில் இந்தப் புரதம் தானாகச் சிதையும், நோய் இல்லாதவருக்கும் குறைவு என்று வரும். பிரிக்காத ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதும் சிலருக்கு அளவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் சுழற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே உறையவைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த டெஸ்ட் எடுப்பீங்களா?' என்பதல்ல. 'எடுத்து எவ்வளவு நேரத்துல பிரிப்பீங்க, எப்படி அனுப்புவீங்க?' என்பது. பதில் தடுமாறினால் ஒரு நாள் செலவானாலும் சோதனைச்சாலை இருக்கும் ஊருக்கே நேரில் போய்க் கொடுப்பது மேல். தவறான ஒரு தாள் ஒரு குடும்பத்தைப் பத்து ஆண்டு அலையவிடும்.

நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக, வீட்டில் யாருக்கும் இல்லாமல் வந்தால் அது பரம்பரையாக வராத வேறொரு வகையாக இருக்கலாம். அப்போது சி1க்யூ என்ற இன்னொரு புரதத்தின் சோதனையும் சேர வேண்டும். பின்னால் ரத்தப் புற்று ஒளிந்திருக்கக்கூடும்.

இப்போது தொண்டை. நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே வீங்கும். யாருக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இருபது ஆண்டு கைகால் மட்டும் வீங்கியவருக்கும் வரும். பெரும்பாலும் சில மணி நேர அவகாசம் கொடுக்கும், சிலருக்கு ஒரு மணிக்குள் அடைத்துவிடும். முதல் அறிகுறி மூச்சுத் திணறல் அல்ல. தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோல் இருக்கும், குரல் கம்மும் அல்லது மாறும், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், கடைசி நிமிடம் வரை. அந்த எண்ணைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் இந்த நோயில் நடக்கும் மிகக் கொடிய தவறு. மூச்சை இழுக்கையில் கீச்சென்ற சத்தம் வந்துவிட்டால் நேரம் ஏற்கெனவே முடியப்போகிறது.

குரல் மாறியவுடனே கிளம்ப வேண்டும். எங்கே? படுகையின் சாலைகள் இந்தக் கேள்வியை உயிர்ப் பிரச்சினையாக்கிவிடும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலும் திருவாரூரிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்து கிளினிக்கில் ஒரு டெக்ஸா போட்டுக்கொண்டு அரை மணி உட்கார்ந்து பார்ப்பது, அந்த அரை மணியையும் தொலைப்பது. மயக்க மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும் இடத்துக்குத்தான் முகம் திரும்ப வேண்டும். 108ஐ அழைக்கும்போதே 'தொண்டை வீக்கம், மூச்சுக்குழல் அடைக்கும் நோய்' என்று சொல்ல வேண்டும். 'ஒடம்பு வீங்கியிருக்கு' என்றால் அவசரம் புரியாது. வழியில் மூச்சு முடங்கினால் எந்த ஆஸ்பத்திரி வாசலாக இருந்தாலும் நுழைந்துவிட வேண்டும். நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி. எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

மருத்துவமனையில் மூச்சுக்காகத் தொண்டை வழியாகக் குழாய் செருகுவதை 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டால், பிறகு செருக இடமிருக்காது. இருப்பவர்களில் கைதேர்ந்தவர் முதல்முறையிலேயே முயல வேண்டும். திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த உரசலே வீக்கத்தைக் கூட்டும். கழுத்தில் துளையிடும் கருவிகள் பக்கத்தில் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், தேடும் நிலையில் அல்ல.

மருந்து என்று வந்தால், சி1 இன்ஹிபிட்டரையே பிரித்தெடுத்துத் தூளாக்கி நரம்பில் ஏற்றுவது முதல் வழி: உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,000 யூனிட். தூளைக் கரைக்கையில் குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்ற வேண்டும். நுரைத்தால் புரதம் கெடும். இகாடிபான்ட் இன்னொரு வழி. பிராடிகைனின் போய் ஒட்டும் இடத்தை அது அடைத்துவிடும். பெரியவருக்கு 30 மில்லிகிராம், தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலுக்கடியில், அரை நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. போட்ட இடம் சிவந்து எரியும், அது சில மணி நேரத்தில் போய்விடும். குறையவில்லை என்றால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று, ஒரு நாளில் மூன்றுக்கு மேல் கூடாது. மேல்நாட்டு நோயாளி இதை வீட்டில் வைத்துக்கொண்டு தானே குத்திக்கொள்வார். நம் நாட்டில் இந்த மருந்துகள் வெகுகாலம் கிடைக்கவில்லை. இப்போதும் மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி வாங்குகிற பொருளல்ல, விலையும் விவசாயக் கூலி வீட்டுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. வாங்கிவிட்டவருக்கு வெயில் அடுத்த கவலை. இகாடிபான்ட் 25 டிகிரி வரை தாங்கும், உறையவும் கூடாது. நாகையின் மே மாதத்தில் ஓட்டு வீட்டு அலமாரி அதற்கு இடமல்ல. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு சரி. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தபின் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளுக்கு மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து என்ற ஏற்பாடு கைகொடுக்கும். ஐப்பசி பிறக்குமுன்பே பானையைத் தயாராக வைக்கலாம்.

இவை இல்லாத வீட்டுக்கு, அதாவது பெரும்பாலான வீட்டுக்கு, மிச்சமிருப்பது உறைந்த பிளாஸ்மா. இன்னொருவர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் சி1 இன்ஹிபிட்டர் இருக்கிறது. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. 50 கிலோ ஆளுக்கு 500 முதல் 750 மில்லி, அதாவது இரண்டு மூன்று பைகள். கணக்கு எளிது, நேரக் கணக்குதான் கடினம். ரத்தத்தைச் சேமித்து மட்டும் வைக்கும் சிறிய நிலையத்தில் பிளாஸ்மா இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, பிரித்தெடுக்கும் வசதியுள்ள ரத்த வங்கி வேண்டும். உறைந்த பை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக அரை மணி ஆகும். அவசரத்தில் கொதிநீரில் போட்டால் புரதம் வெந்துபோகும். ரத்த வகை தெரியாவிட்டால் அதற்கு ஒரு சோதனை, அதற்கு ஒரு நேரம். ஏபி வகைப் பிளாஸ்மாவை எவருக்கும் ஏற்றலாம் என்பது அவசரத்தில் உதவும் செய்தி; ஓ வகையினரின் பிளாஸ்மா ஓ வகையினருக்கு மட்டுமே. ஏற்றிய பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். ஆனால் பிளாஸ்மாவில் மதகுப் பலகையோடு தண்ணீரும் சேர்ந்து வருகிறது. பிராடிகைனின் உருவாகத் தேவையான மூலப்பொருளும் அதில் இருப்பதால் அரிதாகச் சிலருக்கு வீக்கம் முதலில் கூடும். தொண்டை வீங்கியவருக்கு ஏற்றும்போது குழாய் செருக ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியது இதனால்தான். இதயம் பலவீனமானவருக்கு நீர்ச்சுமையும், யாருக்கும் வரக்கூடிய ஏற்றல் ஒவ்வாமையும் கவனிக்க வேண்டியவை.

எந்த ரத்த வங்கியில் பிளாஸ்மா எப்போதும் இருக்கிறது, இரவில் யார் திறப்பார்கள் என்பதை வீக்கம் இல்லாத ஒரு பகலில் நேரில் போய்க் கேட்டு வைத்துக்கொள்வது ஒரு மருந்துக்குச் சமம்.

தாக்குதலே குறைய வேண்டும் என்றால் தொடர்ந்து எடுக்கும் தடுப்பு மருந்து. புதிய மருந்துகளில் லனடெலுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் ஊசி, பெரோட்ரால்ஸ்டாட் தினம் 150 மில்லிகிராம் மாத்திரை. அவற்றின் விலைக்கு எட்டாதவருக்குப் பழைய இரண்டு உண்டு. மாதவிடாய்ப் பெருக்குக்குத் தரும் டிரானெக்சாமிக் அமிலம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 50 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. பலன் எல்லோருக்கும் இருக்காது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவருக்கு ஆகாது, சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். டானசோல் நன்றாக வேலை செய்யும். அதனாலேயே ஆபத்து. வீக்கம் நின்றுவிட்ட மகிழ்ச்சியில் அதே சீட்டை வைத்து வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது ஆண் ஹார்மோன் வகை. பெண்களுக்குக் குரல் கட்டைப்படும், முகத்தில் முடி முளைக்கும், மாதவிடாய் நிற்கும். கல்லீரலில் கட்டி வரலாம், கொழுப்பு ஏறும். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் நீடிக்கக் கூடாது. வீக்கம் அடங்கியதும் 100, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று எவ்வளவு குறைத்தால் போதுமோ அங்கே நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல், கொழுப்புச் சோதனை. வருடம் ஒருமுறையாவது வயிற்று ஸ்கேன். கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. கட்டைப்பட்ட குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம் என்பதை ஒரு பெண்ணுக்கு முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் மூன்றும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியை முடக்குபவை. இந்த நோயாளி வாயில் படக் கூடாது. அம்லோடிபின் கேட்டு வாங்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாசலுக்கு மாத்திரை வந்தாலும் அட்டையின் பின்பக்கப் பெயரை ஒரு தடவை படித்துவிட வேண்டும். 'பிரில்' என்று முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் கலந்தவை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என் உட்பட, வீக்கத்தை அடிக்கடி வரவழைக்கும். பதினைந்து பதினாறு வயதில் மாதவிடாய் சரியாக வருவதற்காக ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பெண்ணுக்கு முகம் வீங்கத் தொடங்கினால் மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும், நோயையும் சந்தேகிக்க வேண்டும். கர்ப்பத்தில் சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். சுகப்பிரசவமே நல்லது. அறுவை தேவைப்பட்டால் தொண்டையில் குழாய் போடாமல் முதுகில் ஊசி போட்டுச் செய்வது பாதுகாப்பு. பிரசவத் தேதிக்கு முன்பே சி1 இன்ஹிபிட்டருக்கோ, கிடைக்காவிட்டால் பிளாஸ்மாவுக்கோ ஏற்பாடு நடந்திருக்க வேண்டும்.

பல் பிடுங்குவது சின்னக் காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இந்த நோயில் தொண்டைத் தாக்குதலுக்கு மிகவும் பேர்போன தூண்டல் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. வீக்கம் அன்று இரவோ மறுநாளோ வரும், வீட்டில் எல்லோரும் தூங்கும்போது. முன்கூட்டியே சி1 இன்ஹிபிட்டர் 1,000 யூனிட். இல்லாவிட்டால் சில மணி நேரம் முன்னால் பிளாஸ்மா. அதுவும் இல்லாவிட்டால் ஐந்து நாள் முன்பு தொடங்கி மூன்று நாள் பின்புவரை கூடுதல் அளவில் டானசோல், மருத்துவர் சொல்லும் கணக்கில். பல்லை வார முதல் நாட்களில், காலையில் எடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்தால் ஞாயிறு இரவு தேடுவதற்கு ஆள் இருக்காது. இரண்டு இரவு ஒருவர் கூடவே படுக்க வேண்டும்.

இது ஆதிக்க மரபு நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல. நான்கில் ஒருவருக்கு, வீட்டில் யாருக்கும் இல்லாமல் அவரிலிருந்தே தொடங்கும். 'மாமன் மகளைக் கட்டினதால வந்தது' என்று மருமகள்மேல் பழி போடுவது இந்த நோயைப் பொறுத்தவரை தவறு. சொந்தத்துக்குள் கட்டும்போது கணவன் மனைவி இருவருக்குமே நோய் இருந்தால்தான் கணக்கு மாறும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் முக்கால்வாசி வாய்ப்பு. ஆகவே ஒருவருக்கு உறுதியானதும் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோருக்கும் சோதனை. வீக்கமே வராதவருக்கும் சேர்த்துத்தான், ஏனென்றால் அவருடைய முதல் வீக்கம் தொண்டையில் வரலாம். குடும்பக் கதை கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. 'பெரியம்மா, நம்ம வூட்ல யாராச்சும் சின்ன வயசுலயே தொண்டை அடைச்சுப் போனாங்களா? யாருக்காவது அடிக்கடி வயித்து வலி வந்து சுருண்டு படுப்பாங்களா?' என்று கேட்க வேண்டும். காத்து கருப்பு அடித்து ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார் என்று சொல்லப்படும் ஒரு சித்தப்பா அநேகமாக எங்காவது இருப்பார். பெண்ணின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று சோதனைத் தாளை மறைக்கும் வீடுகளின் வேதனை புரிகிறது. ஆனால் அந்தப் பெண் முதல் பிரசவத்துக்குப் போகும்போது, மயக்க மருத்துவருக்கு இது தெரியாமல் இருக்கும்.

நோய் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் இருக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒற்றைப் பக்கம், தமிழிலும் ஆங்கிலத்திலும். நோயின் பெயரும் வகையும், சி4, சி1 இன்ஹிபிட்டர் எண்கள் தேதியோடு, ரத்த வகை, உடல் எடை. அதன் கீழே: அட்ரினலின், ஸ்டீராய்டு, ஒவ்வாமை ஊசிக்கு இந்த வீக்கம் குறையாது, சி1 இன்ஹிபிட்டர் இத்தனை யூனிட், அல்லது இகாடிபான்ட், இரண்டும் இல்லையென்றால் பிளாஸ்மா இத்தனை பை, குரல் மாறியிருந்தால் மயக்க மருத்துவரை உடனே அழைக்கவும், 'பிரில்' மாத்திரையும் ஈஸ்ட்ரோஜனும் கூடாது. ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து நான்கு படிகள்: ஒன்று பர்ஸில், ஒன்று வீட்டு நிலைப்படிக்கு உட்புறம், ஒன்று பிள்ளையின் வகுப்பாசிரியரிடம், ஒன்று வேலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம். பிள்ளை வளர்ந்து எடை கூடக்கூட அந்தத் தாளில் உள்ள யூனிட் கணக்கையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும், ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும்போது.